ஈசாவின் துப்பாக்கிக்கு இரண்டாவது கண்ணாடி

1

இந்தக் கதை ஒரு தொலைபேசிப் பேச்சில் பிறந்தது. அதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, என் அறைத்தோழர் தேவசுந்தரம் குளிக்கப் போயிருந்தபோது கட்டிலில் கிடந்த அவருடைய கைபேசி அடித்தது. நாகர்கோவிலிலிருந்து அவர் மனைவி லீமா. நான் எடுத்து, "அண்ணன் குளிக்கிறாங்க அண்ணி" என்றேன்.

"நல்லதாப் போச்சு தம்பி. நீங்களாவது உண்மையச் சொல்லுங்க. ஆகஸ்டுல எனக்கும் பிள்ளைக்கும் விசா வந்துரும்ன்னு சொன்னாரு. இப்பம் அக்டோபர் ஆச்சு. கேட்டா, கம்பெனியில ஏதோ பேப்பர் நிக்குதுன்னு சொல்லுகாரு. எங்கள அங்க கூட்டிட்டுப் போக அவருக்கு மனசு இல்லியா?"

"ஐயையோ, அப்படியெல்லாம் இல்ல அண்ணி."

"பொறவு என்ன?"

என்னவென்று எனக்குத் தெரியும். ஜூலையிலேயே தேவசுந்தரம் என்னிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கொட்டிய கையோடு, "லீமாகிட்ட ஒரு வார்த்த போகக் கூடாது, கேட்டியா" என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார். அதை மறந்து, "விசாரிச்சு உண்மையைச் சொல்றேன் அண்ணி" என்று லீமாவிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

ஷார்ஜாவில், ரோலா பகுதியில் ஒரு டைப்பிங் சென்டரில் நாள் முழுக்க விசா படிவம் அடிப்பது என் பிழைப்பு. மிச்ச நேரத்தில் கதை எழுதுவேன். மூன்று அச்சில் வந்திருக்கின்றன.* இரண்டு பக்கமும் வாக்குக் கொடுத்துவிட்டு முழிக்கிறவனுக்குக் கதையை விட்டால் வேறு கதி ஏது? கதையில் வருவது யாரோ ஒரு தேவசுந்தரம், யாரோ ஒரு லீமா என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அப்படி நினைத்துத்தான் உட்கார்ந்தேன்.

* நாலாவதும் வந்தது. அதில் என் பெயருக்குப் பதிலாக வேறு யார் பெயரோ இருந்ததால் கணக்கில் சேர்ப்பதில்லை.

2

முதல் தொடக்கம் இப்படி வந்தது:

"பாலைவனத்தின் அந்திச் சூரியன் ரத்தக் குழம்பாக மணல்மேடுகளின் மேல்"

நிறுத்திவிட்டேன். எங்கள் அறை ஜன்னலைத் திறந்தால் எதிர்க்கட்டிடத்து ஏசிகளின் முதுகுதான் தெரியும். இந்த ஊரில் சூரியன் மறைவதை நான் நின்று பார்த்தது மொத்தம் மூன்று தடவை. இல்லாத சூரியனை வைத்து வாசகரை ஏமாற்ற மனம் வரவில்லை.

இரண்டாவது:

"தேவசுந்தரம் துப்பாக்கியின் அருகே மண்டியிட்டிருந்தார். அவருக்கு முப்பத்தெட்டு வயது. இதற்கு முன்னால் அவர் ஒருவரையும்"

இதையும் விட்டுவிட்டேன். அவர் யாரையோ சுடப்போகிறார் என்று நீங்கள் பயந்திருப்பீர்கள். அறையில் கரப்பான்பூச்சி வந்தால், "மக்கா, நீ அடி" என்று கட்டில்மேல் ஏறி நிற்கும் மனிதர் அவர். துப்பாக்கியில் அவருக்குத் தெரிந்தது, அதன்மேல் பொருத்தும் கண்ணாடி மட்டும்தான்.

ஆகவே கண்ணாடியிலிருந்து தொடங்குகிறேன்.

3

தேவசுந்தரம் குளச்சல்காரர். நில அளவைக் கருவிகளை ரிப்பேர் செய்வதில் கெட்டிக்காரர். ஷார்ஜா தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. அளவைக் கருவி, பைனாகுலர், துப்பாக்கி ஸ்கோப் என்று கண்ணாடி வைத்த சாமான் எது வந்தாலும் அவர் மேசைக்குத்தான் வரும். ஆனால் அவருடைய விசாவில் தொழில் 'ஹெல்பர்' என்று இருந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால் எந்தப் பெயரில் விசா கிடைத்ததோ அந்தப் பெயரில் வந்து இறங்கியவர். ஹெல்பர் என்று போட்டிருந்தால் குடும்பத்தைக் கூப்பிட முடியாது. அந்தப் படிவத்தை நாள்தோறும் அடிக்கிற எனக்கு இது நன்றாகத் தெரியும்.

2008 ஜூனில் மேனேஜர் சிவசங்கரன் அவரைக் கூப்பிட்டு, "தேவா, ஒரு புது ஐட்டம் வந்திருக்கு. ஜூலைல டெமோ. இந்த ஆர்டர் மட்டும் கிடைச்சா உங்க விசாவுல டெக்னீஷியன்னு மாத்தித் தர்றது என் பொறுப்பு. முதலாளிகிட்ட பேசிட்டேன்" என்றார். அன்று இரவே தேவசுந்தரம் லீமாவுக்குச் சொல்லிவிட்டார். மகள் ரெஷ்மாவுக்கு ஆறு வயது. இங்கே பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்குமா என்று மறுநாளே என்னை விசாரிக்கச் சொன்னார்.

அந்தப் புது ஐட்டம், கிளிப்-ஆன் தெர்மல். பவர் கண்ணாடி போடுகிறவர்கள் வெயிலில் அதன்மேல் ஒரு கறுப்புக் கண்ணாடியைக் கவ்வ விடுவார்களே, அது மாதிரி. துப்பாக்கியில் ஏற்கெனவே இருக்கும் பகல் ஸ்கோப்பைக் கழற்ற வேண்டாம். அதற்கு முன்னால் இதைக் கவ்வவிட்டால் போதும். வெளிச்சம் இல்லாவிட்டாலும் சூட்டைப் பார்த்துப் படம் காட்டும். சூடானது வெள்ளை, குளிர்ந்தது கறுப்பு. துப்பாக்கிக்குச் சேர்த்துவைத்த குறி மாறாது. கழற்றினால் பழைய ஸ்கோப் பழையபடி வேலை செய்யும்.

வாங்கவிருந்தவர் ஈசா. தைத் என்ற ஊரைத் தாண்டி ஒரு தனியார் மான் காப்பகத்தில் தலைமைக் காவலர். ஐம்பத்தைந்து வயது. அந்த வருஷம் தெருநாய்க் கூட்டம் வேலிக்கு அடியில் குழி பறித்து வந்து மான்குட்டிகளைத் தின்றுகொண்டிருந்தது. இருட்டில் நாயைப் பார்க்க வழி வேண்டும். ஆனால் பதினெட்டு வருஷமாகத் துப்பாக்கியில் உட்கார்ந்திருக்கும் தன் ஸ்கோப்பை மாற்ற ஈசா சம்மதிக்க மாட்டார். அதைத் துடைக்கக்கூடத் தேவசுந்தரத்தைத் தவிர யாரையும் விடமாட்டார். வருஷா வருஷம் போய்ச் சுத்தம் செய்து வருகிறவருக்கு ஒரு பெட்டி பேரீச்சம்பழம் கொடுத்தனுப்புவார். அதில் பாதியை நான்தான் தின்பேன், அதனால் ஈசாவைப் பார்க்காமலே எனக்குப் பிடிக்கும்.

கழற்றாமல் முன்னால் மாட்டுவது என்றதும் ஈசா சரி சொன்னார்.

4

ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். காப்பகத்தின் ஓரத்தில், குறி பழகுவதற்காகக் குவித்த மணல்மேடு. அதன் அடியில் ஓர் இரும்புக் கம்பி நட்டு, மூடியுள்ள டின் ஒன்றில் கொதிக்கும் நீரை ஊற்றித் தொங்கவிட்டார் தேவசுந்தரம். தெர்மலில் நாய்க்குப் பதில் அந்த டின்தான் இலக்கு. நூற்றைம்பது மீட்டர் பின்னால் வந்து துப்பாக்கியில் கருவியை மாட்டி, வயர் இழுத்துச் சின்னத் திரை ஒன்றில் சேர்த்தார். ஸ்கோப்பில் ஈசா பார்ப்பது திரையிலும் தெரியும்.

பாங்கு கேட்டது. ஈசா தொழுகைக்குப் போனார். சிவசங்கரனும் தேவசுந்தரமும் கொட்டகையில் டீ குடித்தார்கள். ஈசா திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்து, வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. சூடு மட்டும் நாற்பதுக்குக் குறையவில்லை.

ஈசா பாய் விரித்துப் படுத்தார். திரையில் டின் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தது. மணல், மேடு, கம்பி எல்லாம் ஒரே சாம்பல்.

சிவசங்கரன் திரையைப் பார்த்து, "யாரும் இல்ல. க்ளியர்" என்றார்.

ஈசா துப்பாக்கியில் குண்டை ஏற்றினார். முன்னால் ஒரு கருவியை மாட்டிச் சுடும் முதல் குண்டு அது. குறி மாறாது என்று சொன்னாலும், மேட்டில் எங்கே போய் விழும் என்று யாருக்கும் உறுதியில்லை. தேவசுந்தரம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். டின்னுக்கு இடது பக்கம், இரண்டு முழம் தள்ளி, சாம்பலுக்கு நடுவில் கறுப்பாக ஒன்று இருந்தது. ஒரு தேங்காய் அளவு. எல்லோரும் வெள்ளையைத் தேடிக்கொண்டிருந்ததால் அதுவரை கறுப்பை யாரும் கவனிக்கவில்லை. குளிர்ந்த கல்லாக இருக்கும் என்றுதான் அவர் முதலில் நினைத்தார். அந்த நாற்பது டிகிரியில் கல் எப்படிக் குளிரும் என்று அடுத்த நொடி யோசித்தார். அப்போது அந்தக் கறுப்பு மெல்ல அந்தப் பக்கம் திரும்பியது.

ஈசாவிடம் அவர் வழக்கமாகப் பேசுவது இந்தி. அன்று வாயில் வந்தது குளச்சல் தமிழ்: "சுடாதேயும்! ஆளு! ஆளு கெடக்கான்!"

மொழி புரியாவிட்டாலும் ஈசாவின் விரல் விலகியது. குண்டை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு முன்னால் மாட்டியிருந்த கருவியைக் கழற்றிவிட்டுத் தன் பழைய ஸ்கோப்பில் பார்த்தார். மங்கிய வெளிச்சத்தில், மேட்டின் அடியில், நீல நிற கவரால் உடுப்பு போட்ட ஒரு மனிதன் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.

5

மேலே ஒரு வரி பொய்.

'க்ளியர்' என்று சொன்னது சிவசங்கரன் இல்லை. தேவசுந்தரம்.

என்னுடைய முதல் பிரதியில் சிவசங்கரனுக்கு முறுக்கு மீசைகூட வைத்திருந்தேன், கெட்டவர் என்று சீக்கிரம் புரியட்டும் என்று. உண்மையில் அவருக்கு மீசையே கிடையாது. திரைக்குப் பக்கத்திலும் அவர் நிற்கவில்லை. எனக்குத் தேவசுந்தரத்தின்மேல் உள்ள பிரியத்தில் பழியைத் தூக்கி அந்த நல்ல மனிதர் தலையில் வைத்துவிட்டேன்.

தேவசுந்தரத்தின் மேசையில் ஒரு நோட்டு உண்டு. இந்தக் கருவிக்கு அவரே தன் கைப்பட எழுதிவைத்த வழிமுறை அதில் இருக்கிறது. முதலில் தெர்மலில் பார். பிறகு அதைக் கழற்றி வெறும் ஸ்கோப்பில் பார். இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் க்ளியர் சொல். ஏனென்றால் தெர்மல் மனிதனைக் காட்டுவதில்லை, சூட்டு வித்தியாசத்தைத்தான் காட்டுகிறது. ஜூலை மாதத்துச் சாயங்காலத்தில் மணலும் மனித உடம்பும் ஏறக்குறைய ஒரே சூட்டில் நிற்கும். வித்தியாசம் இல்லாவிட்டால் ஆளே இல்லை என்றுதான் படம் சொல்லும். இதெல்லாம் அவருக்கு என் டைப்ரைட்டர் விசைகள் எனக்குத் தெரிகிற மாதிரி தெரியும்.

அன்று இரண்டாவது பார்வையை அவர் பார்க்கவில்லை. கழற்றி, பார்த்து, மறுபடி மாட்டி, சரிபார்க்க நாலைந்து நிமிஷம் ஆகும். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஈசா பொறுமை இழந்தால் ஆர்டர் கைநழுவும். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள். அவர் அண்டாவைப் பார்க்கவே இல்லை.

"திரையில நான் எதையும் பாக்கல மக்கா" என்றார் என்னிடம். "லீமாவும் பிள்ளையும் ஏர்போட்டுல கண்ணாடிக் கதவு வழியா பெட்டியத் தள்ளிட்டு வாறதுதான் எனக்க கண்ணுல நிக்குது. க்ளியர்ன்னு சொல்லிட்டேன். சொன்ன பொறவுதான் பாத்தேன்."

இதைச் சொல்லும்போது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது. அழாமல் பூண்டு உரித்துக் கொடுத்தேன்.

6

வாசகர் ஒருவர் கேட்கலாம், துப்பாக்கி சுடும் மேட்டின் அடியில் போய் ஒருவன் தூங்குவானா? எனக்கும் சந்தேகம் இருந்தது. கதைக்கு வசதியாக ஆள் அங்கே கிடக்கிறானே என்று நானே முகம் சுளித்தேன். அதனால் அந்த மனிதரையே அறைக்கு வரவழைத்தேன்.

உடையப்பன், சிவகங்கைப் பக்கம். காப்பகத்தில் வேலி போடும் காண்ட்ராக்ட் கும்பலில் ஒருவர். கோழிக்குழம்பு பரிமாறியபடி விசாரித்தேன்.

"வேல முடிஞ்சு எல்லாரும் பிக்கப்புல ஏறிட்டாங்கண்ணே. எனக்கு எடமில்ல, அடுத்த டிரிப்புல வான்னுட்டாங்க. டிரம்முல துண்ட நனைச்சு தலையில சுத்திக்கிட்டு நடந்து வாரேன், மேட்டுக்குக் கீழ ஒரு டின்னு தொங்குது. தொட்டா சுடுது. யாரோ புண்ணியவான் நமக்கு சுலைமானி டீ தொங்கவிட்ருக்கான்னு நெனச்சுப்புட்டேன்."

"தொறந்து பாத்தீங்களா?"

"பாத்தேன். வெறும் வெந்நி! எவன்டா வெந்நிய கொண்டாந்து பாலைவனத்துல தொங்கவிட்டவன்னு நாலு வார்த்த வஞ்சுட்டு, மேடு மறைப்பா இருந்துச்சா, அப்படியே சாஞ்சுட்டேன்."

தொழிலாளர் கேம்ப் ஆட்கள் கோடையில் எல்லோரும் செய்வது இது. துண்டை நனைத்துத் தலையோடு முகத்தை மூடினால் காற்றில் ஈரம் காயக் காயக் குளிரும். உடையப்பனின் உடம்பு முழுவதையும் மணலோடு கலந்து தொலைத்துவிட்ட கருவிக்கு, அந்த ஈரத்துண்டு மட்டும் கறுப்பாகத் தெரிந்தது.

ஈசாவும் தேவசுந்தரமும் மேட்டுக்கு நடந்துபோய் எழுப்பியபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "என்னண்ணே, வண்டி வந்துருச்சா?" இந்தச் சந்தேகத்தை நான் இத்தோடு விட்டுவிட்டேன். இப்படி ஒரு கேள்வியை இட்டுக்கட்டும் திறமை எனக்குக் கிடையாது.

7

முடிவுகள்.

முதல் முடிவு: ஈசா தேவசுந்தரத்தைத் தழுவிக்கொள்கிறார், ஐந்து கருவிக்கு ஆர்டர் கொடுக்கிறார், விசாவில் டெக்னீஷியன் ஏறுகிறது, விமானம் இறங்குகிறது. இரண்டு பக்கம் ஆசையாக எழுதினேன். ரெஷ்மாவுக்கு இரட்டைப் பின்னல்கூடப் போட்டுவிட்டேன்.

இரண்டாவது முடிவு: "தேவசுந்தரம் வாய் திறப்பதற்குள் ஈசாவின்"

எழுத முடியவில்லை. உடையப்பன் எங்கள் அறையில் மூன்று தடவை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்.

நடந்ததைச் சொல்கிறேன். ஈசா தேவசுந்தரத்தின் தோளில் கையை வைத்துக்கொண்டுதான் திரும்பி வந்தார். வந்ததும் கிளிப்-ஆனை அதன் பெட்டியில் தானே வைத்து மூடினார். "நாய் தெரியும் என்றாய், பாய். இதில் மனுஷனே தெரியவில்லை. எனக்கு வேண்டாம், கலாஸ், அவ்வளவுதான்" என்றார் இந்தியில்.

தேவசுந்தரம் அப்போது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கருவிமேல் பழியைப் போட்டுவிட்டு வண்டியேறியிருக்கலாம். அவர், "தப்பு கருவியில் இல்லை, என்னிடம். இரண்டு கண்ணாடியாலும் பார்க்க வேண்டும் என்பது விதி. நான் ஒன்றில் மட்டும் பார்த்துவிட்டு க்ளியர் சொன்னேன்" என்றார். ஈசா கேட்டுத் தலையாட்டினார். ஆனாலும் பெட்டியைத் திறக்கவில்லை.

திரும்பும்போது வண்டியைச் சிவசங்கரன் ஓட்டினார். தைத் ஊரைத் தாண்டியதும், "நானா இருந்தாலும் கத்தியிருப்பேன் தேவா. ஆனா நீங்களே தப்புன்னு சொன்னதை நான் ரிப்போர்ட்ல எழுதாம இருக்க முடியாது. ரிப்போர்ட்ல இது இருந்தா இந்த வருஷம் டெக்னீஷியன் கேக்க முடியாது" என்றார். சொல்லிவிட்டு வழியில் நிறுத்தி அவருக்கு ஒரு கரக் டீ வாங்கிக் கொடுத்தார்.

தேவசுந்தரம் தன் தப்பை ஈசாவிடம் சொன்னார். கம்பெனியில் சொன்னார். உடையப்பனிடம்கூடச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டார். அவர், "விடுங்கண்ணே, அதான் கத்துனீயள்ல" என்றார். லீமாவிடம் மட்டும் சொல்ல முடியவில்லை.

"ஏண்ணே?" என்று கேட்டேன்.

"உன்ன சீக்கிரம் கூப்பிடணும்ங்கற அவசரத்துல ஒரு உயிரப் பாக்காம விட்டேன்னு எப்பிடி மக்கா அவகிட்ட சொல்ல? பழியக் கொண்டுபோய் அவ தலையில கெட்டுன மாதிரி ஆயிரும். அதுக்குப் பதிலா, இவனுக்கு மனசு இல்லன்னு அவ நெனச்சிட்டுப் போட்டும்."

மூன்று மாதமாக மனைவியின் கோபத்தை இப்படித் தாங்கிக்கொண்டிருந்த மனிதரை என்ன செய்வது? திட்டினேன். கதையில் அந்தத் திட்டைச் சேர்க்கவில்லை.

8

இங்கே கதை முடிந்திருக்க வேண்டும். எழுதியதை அவரிடம் காட்டாமல் லீமாவுக்கு அனுப்புவது முதுகில் குத்துகிற வேலை என்று பட்டது. இரண்டு பிரதியாகக் கொடுத்தேன். ஒன்றில் ஐந்தாம் பகுதி கிடையாது. அவர் தப்பை ஒப்புக்கொள்ளும் இடங்களும் கிடையாது. க்ளியர் சொன்னது சிவசங்கரன், காப்பாற்றியது தேவசுந்தரம், ஆர்டர் போனது விதி. இன்னொன்று நீங்கள் படித்துக்கொண்டிருப்பது.

"எத அனுப்பணும்ன்னு நீங்களே சொல்லுங்க. ரெண்டும் வேணாம்னா கிழிச்சுப் போட்டுடறேன்" என்றேன்.

பென்சிலை எடுத்துக்கொண்டு இரண்டையும் படித்தார். பிறகு, "நூத்தம்பது மீட்டர் இல்ல, நூத்தி நாப்பது" என்றார்.

"சரிண்ணே."

"ஸ்கோப்புல பவரக் கொறச்சு வச்சேன்னு எழுதலியே? முன்னால தெர்மல மாட்டிட்டு பவரக் கூட்டுனா படம் கட்டம் கட்டமா ஒடஞ்சு போவும். வெவரம் தெரிஞ்சவன் படிச்சா சிரிப்பான்."

"லீமா அண்ணிக்கு அதெல்லாம் தெரியுமாண்ணே?"

அவர் சமையல் பக்கம் எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, முதல் பிரதியை மட்டும் எடுத்துப்போய்த் தரையில் விரித்து, அதன்மேல் மத்தி மீனைக் கொட்டிச் செதிள் எடுக்க ஆரம்பித்தார். என் கையெழுத்தின்மேல், அவரைக் குற்றமற்றவராக்கிய அந்த நல்ல பக்கங்களின்மேல், செதிள் வெள்ளை வெள்ளையாக விழுந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து மீன் கழுவத் தண்ணீர் ஊற்றினேன்.

மறுநாள் மற்றப் பிரதியை உறையில் போட்டு, லீவில் ஊருக்குப் போகிற ஒருவர் கையில் அவரே கொடுத்தனுப்பினார்.

9

முந்தின பகுதியும் இந்தப் பகுதியும் லீமாவுக்குப் போன பிரதியில் இல்லை.

உறை போய்ப் பத்து நாள் ஆகிறது. ஊருக்குப் போனவர் நேற்று முன்தினம் நாகர்கோவிலில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. இரண்டு நாளாக லீமாவிடமிருந்து போன் இல்லை. இவரும் போடவில்லை. இன்று வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து ஒரே பைனாகுலரைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

நான் கட்டிலில் உட்கார்ந்து இதற்கு ஒரு முடிவு எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். லீமா மன்னித்துவிடுகிறாள் என்று ஒரு வரி. மன்னிக்க என்ன இருக்கிறது என்று கேட்கிறாள் என்று ஒரு வரி. இத்தனை நாள் என்னிடம் ஏன் மறைத்தாய் என்று கத்துகிறாள் என்று ஒரு வரி. மூன்றிலும் அவள் பேசுவது என் குரலில்தான் இருக்கிறது. அந்த அம்மாளோடு நான் மொத்தம் பேசியது கால் மணி நேரம் இருக்குமா?

இதோ, கைபேசி அடிக்கிறது. திரையில் லீமா என்று தெரிகிறது. தேவசுந்தரம் என்னைப் பார்க்கிறார். பைனாகுலரைக் கீழே வைத்துவிட்டு எடுத்துவிட்டார்.

"சொல்லு லீமா."

எங்கள் அறையில் ஆறு கட்டில், கதவு ஒன்று. ஒருவருக்கு வீட்டிலிருந்து போன் வந்தால் மற்றவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விடுவோம். யாரும் எழுதிவைக்காத பழக்கம். ராத்திரி டியூட்டி முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்கூட இப்போது போர்வையோடு எழுந்து போகிறார். நானும் எழுந்துவிட்டேன்.

நீங்களும் வாருங்கள். இவ்வளவு தூரம் கூடவே வந்தீர்கள், என்ன சொன்னாள் என்று கேட்க ஆசையாகத்தான் இருக்கும். எனக்கும் இருக்கிறது. ஆனால் புருஷனும் பெண்சாதியும் பேசுகிற இடத்தில் நமக்கு என்ன வேலை? கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வாருங்கள்.